பிரசவ வலியை வரவழைத்த கதை

குழந்தை பிறக்கும் நாளை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். ஆனால் அந்த நாளிலேயே சரியாகப் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. சில முந்திக்கொள்ளும், சில பிந்தும். தேதி தாண்டிப் போகும்போதும், தாய்க்கு இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ ஏறி இனிக் காத்திருப்பது ஆபத்து என்னும்போதும், "வலி வர வைக்க வேண்டும்" என்று மருத்துவமனையில் சொல்வார்கள். இன்று இதற்கு டிரிப்ஸ், ஜெல், மாத்திரை, பலூன் என்று பல வழிகள் இருக்கின்றன.

இவை எப்படி வந்தன? கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து மனிதனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, எப்படி நிறுத்துவது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அதைக் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ தாய்மாரும் குழந்தைகளும் விலை கொடுத்தார்கள்.

லண்டன், 1756

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் பரவலாக இருந்தது. சிறு வயதில் இந்த நோய் வந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு வளைந்து குறுகிவிடும். நிறைமாதக் குழந்தை அந்த வழியாக வெளியே வர முடியாது. அப்போது மருத்துவர்கள் முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது. மயக்க மருந்தும் கிருமி பற்றிய அறிவும் இல்லாத அந்நாளில் தாய் பிழைப்பது மிக அரிது. மற்றொன்று, தாயைக் காப்பாற்றக் குழந்தையை உள்ளேயே சிதைத்து எடுப்பது.

மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று 1756-ல் லண்டனின் பெயர்பெற்ற மருத்துவர்கள் கூடி ஆராய்ந்தார்கள். குழந்தை சிறியதாக இருக்கும்போதே, அதாவது நிறைமாதத்திற்குச் சில வாரங்கள் முன்பே, பிரசவத்தை வரவழைத்தால் என்ன? இது அறத்துக்கு ஏற்றதா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. ஏற்றதே என்று முடிவு செய்தார்கள். இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதிவைத்தவர் தாமஸ் டென்மன் என்ற புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர்.

அவர்கள் கையாண்ட முறை எளியது: பனிக்குடத்தைக் குத்தி உடைப்பது. நீர் வெளியேறியபின் பெரும்பாலும் வலி தொடங்கும். எப்போது தொடங்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. நாட்கள் நீண்டால் கிருமி உள்ளே புகுந்து காய்ச்சல் வரும். தொப்புள்கொடி முதலில் நழுவி வந்து நசுங்கினால் குழந்தை இறந்துவிடும். உடைத்த பனிக்குடத்தைத் திரும்பவும் மூட முடியாது! இதனால்தான் இன்றும் கருப்பை வாய் ஓரளவு திறந்து, குழந்தையின் தலை கீழே இறங்கிய பிறகே மருத்துவர்கள் பனிக்குடத்தை உடைக்கிறார்கள்.

பிரசவப் பொடியும் மரணப் பொடியும்

ரை என்பது கோதுமையைப் போன்ற ஒரு குளிர்நாட்டுத் தானியம். ஈரமான பருவத்தில் அதன் கதிரில் மணிகளுக்குப் பதிலாகக் கரிய கொம்பு போல ஒரு பூஞ்சை வளரும். அதன் பெயர் எர்காட். நம் ஊர் கம்புப் பயிரில் வரும் தேனொழுகல் நோயும் இதன் உறவுப் பூஞ்சையால் வருவதுதான். ஐரோப்பிய மருத்துவச்சிகள் இந்தக் கரிய மணிகளைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தியதை 1582-லேயே ஜெர்மானிய மூலிகை நூலாசிரியர் ஆடம் லோனிட்சர் குறித்திருக்கிறார்.

1808-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ், இந்தப் பொடி நீண்ட பிரசவத்தை விரைவில் முடித்துவிடுகிறது என்று மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். பொடி வேகமாகப் பரவியது. 1824-ல் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசக் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பொடி வந்த பிறகு அந்நகரில் இறந்து பிறக்கும் குழந்தைகள் அதிகரித்துவிட்டன. ஆகவே இதைப் பிரசவப் பொடி என்பதைவிட, குழந்தையைப் பொறுத்தவரை மரணப் பொடி என்றே சொல்ல வேண்டும் என்றார்.

காரணம் என்ன? இயற்கையான பிரசவத்தில் கருப்பை சுருங்கும், பிறகு தளரும். சுருங்கும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறையும். தளரும் இடைவெளியில்தான் குழந்தைக்குப் பிராணவாயு போய்ச் சேரும். எர்காட் கொடுத்தால் கருப்பை தளராமல் இறுகியே நிற்கும். குழந்தை மூச்சுத் திணறும். சில நேரம் கருப்பையே கிழிந்துவிடும். வயிற்றுக்குள் போன பொடியை நிறுத்தவும் வழியில்லை.

ஆனால் இதே குணம் குழந்தை பிறந்த பிறகு உயிர் காக்கும். இறுகிய கருப்பை இரத்தப்போக்கை நிறுத்தும் அல்லவா? ஹோசக் அதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்தச் சொன்னார். 1935-ல் எர்காட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எர்கோமெட்ரின் இன்றும் அந்த வேலைக்கு உதவுகிறது.

காத்திருந்த இளவரசி

எர்காட் அவசரத்தின் ஆபத்தைக் காட்டியது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பிரசவம் காத்திருப்பதன் ஆபத்தைக் காட்டியது. அரியணைக்கு உரிய இளவரசி சார்லட்டுக்கு 1817 அக்டோபரில் குழந்தை பிறக்கும் என எதிர்பார்த்தார்கள். நவம்பர் 3 அன்றுதான் வலி கண்டது. சுமார் 50 மணி நேரம் அது நீடித்தது. டென்மனின் மருமகனான சர் ரிச்சர்ட் கிராஃப்ட்தான் பொறுப்பு மருத்துவர். இயற்கையை அதன் போக்கில் விட வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். ஆயுதம் தயாராக இருந்தும் பயன்படுத்தவில்லை. ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில் இளவரசியும் இறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் கிராஃப்ட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

சொட்டுச் சொட்டாக

1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். 1909-ல் பிளேர்-பெல் என்ற மருத்துவர் இதைப் பெண்களுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். ஆனால் சாறு விலங்குகளின் சுரப்பியிலிருந்து வந்தது. அதன் வீரியம் ஒரே மாதிரி இருக்காது. ஊசியாக ஒரேயடியாகப் போட்டதால் எர்காட்டில் நடந்த விபத்துகள் இங்கேயும் நடந்தன.

திருப்பம் வந்தது 1948-ல். ஜெஃப்ரி தியோபால்ட் என்ற ஆங்கில மருத்துவர் இந்தச் சாற்றை மிகவும் நீர்க்கச் செய்து, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். உடல் தானாகச் சுரக்கும் அளவையே கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1953-ல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ இதிலுள்ள ஆக்சிடோசினின் அமைப்பைக் கண்டறிந்து, ஒன்பது அமினோ அமிலங்களைக் கோத்து ஆய்வகத்திலேயே உருவாக்கினார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இனி வீரியம் மாறாது. கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கினால் டிரிப்ஸை நிறுத்தலாம், சில நிமிடங்களில் வேகம் தணியத் தொடங்கும். எர்காட்டில் இல்லாத நிறுத்தும் வசதி இதில் கிடைத்தது.

மதிப்பெண் முறை

டிரிப்ஸ் ஏற்றியும் சிலருக்குப் பிரசவம் ஆகவில்லை. ஏன்? கருப்பை வாய் கெட்டியாக மூடியிருந்தால் எவ்வளவு வலி வந்தும் பயனில்லை. 1964-ல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் பிஷப் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். கருப்பை வாய் எவ்வளவு திறந்துள்ளது, எவ்வளவு மெலிந்துள்ளது, எவ்வளவு மென்மையானது, எந்தப் பக்கம் நோக்கியுள்ளது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்ற ஐந்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 13 மதிப்பெண். குறைந்த மதிப்பெண் என்றால் முதலில் கருப்பை வாயைப் பழுக்க வைக்க வேண்டும்.

வழி எளிதானதும் அளவு மறந்தது. 1974 வாக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் ஏறக்குறைய 10 பிரசவங்களில் 4 இப்படி வரவழைக்கப்பட்டன. மருத்துவமனையின் வசதிக்காகவா எங்கள் பிரசவம் என்று பெண்கள் கேட்டார்கள், பத்திரிகைகளும் எழுதின. பின்னர் எண்ணிக்கை குறைந்தது.

ஜெல், மாத்திரை, பலூன்

கருப்பை வாயைப் பழுக்க வைக்கும் பொருளாகப் பின்னர் பயன்பட்டது புராஸ்டாகிளாண்டின். 1968-ல் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் சுல்தான் கரீம் இந்த வகை மருந்தால் பிரசவத்தைத் தொடங்கிக் காட்டினார். இன்று வைக்கும் ஜெல் அந்த வழியில் வந்தது. ஆனால் அது விலை கூடியது, குளிர்பெட்டி வேண்டும்.

மைசோபுரோஸ்டால் 1973-ல் வயிற்றுப் புண்ணுக்காக உருவாக்கப்பட்ட மாத்திரை. மலிவானது, வெயிலையும் தாங்கும். கருப்பையிலும் அது வேலை செய்வதை லத்தீன் அமெரிக்க மருத்துவர்கள் 1980-களின் கடைசியில் எழுதத் தொடங்கினார்கள். சிக்கல் மறுபடியும் அளவில்தான்! புண்ணுக்கான மாத்திரை 200 மைக்ரோகிராம். பிரசவத்துக்கு வேண்டியது 25. பிளேடால் எட்டாக நறுக்கினால் எல்லாத் துண்டும் சமமாக இருக்குமா? அதிக அளவு போனவர்களுக்குக் கருப்பை கிழிந்த நிகழ்வுகள் உண்டு. 2011-ல் உலக சுகாதார நிறுவனம், 25 மைக்ரோகிராம் வாய்வழியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வரையறுத்தது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இது கூடாது என்றும் சொன்னது.

பலூனின் வரலாறு பழையது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ரப்பர் பைகளைக் கருப்பை வாயில் வைத்து நீர் நிரப்பினார்கள். கிருமித் தொற்று பயத்தால் அது பின்தங்கியது. சிறுநீர் வெளியேற்ற உதவும் ஃபோலி குழாயை 1967-ல் எம்ப்ரே, மாலிசன் என்ற இருவர் இதற்குப் பயன்படுத்த, பலூன் திரும்பி வந்தது. 2011-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஜெல் வைத்தவர்களுக்கும் பலூன் வைத்தவர்களுக்கும் சிசேரியன் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பலூனில் கருப்பை மிகையாகச் சுருங்குவது குறைவு. 2017-ல் வெளியான நாக்பூர் ஆய்வில் இரத்தக் கொதிப்புள்ள 602 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரைக் குழுவில் 57 விழுக்காடு, பலூன் குழுவில் 47 விழுக்காடு.

எதை எதிர்பார்க்கலாம்?

முதல் பிரசவம், கருப்பை வாய் மூடியிருக்கிறது என்றால் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள்கூட ஆகலாம். இதைத் தெரியாமல் போகும் குடும்பத்தார் சில மணி நேரத்திலேயே பயந்துவிடுகிறார்கள். பலூன் வைக்கும்போது அடிவயிற்றில் பிடிப்பு இருக்கும். வாய் ஓரளவு திறந்ததும் அது தானே விழுந்துவிடும். ஜெல்லும் மாத்திரையும் இடைவெளி விட்டுப் பலமுறை தரப்படலாம். டிரிப்ஸில் வலி தானாக வருவதைவிட வேகமாகக் கூடும் என்று பல தாய்மார் சொல்வதுண்டு. எந்த முறையானாலும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். ஆகவே இது மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டிய காரியம்.

வீடுகளில் விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் உண்டு. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலையும் கருப்பையையும் ஒரே வகை ஏற்பி வழியாகத் தூண்டுகிறது என்று 2012-ல் எலிகளில் நடத்திய ஆய்வு காட்டியது. முன்னோர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் பேதியும் வாந்தியும் வந்து தாய் களைத்துப்போவார், அளவும் கையில் இல்லை.

முடிவாக

தேவையில்லாமல் தூண்டுவதும் தவறு, தேவைப்படும்போது தள்ளிப்போடுவதும் தவறு. 2019-ல் வெளியான சுவீடன் ஆய்வில் 41 வாரத்தில் பிரசவத்தைத் தொடங்கிய குழுவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 வாரம் வரை காத்திருந்த குழுவில் 6 குழந்தைகள் இறந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். தூண்டினால் சிசேரியன்தான் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபத்து இல்லாத 6,106 முதல் பிரசவங்களில், 39 வாரத்தில் தூண்டியவர்களுக்குச் சிசேரியன் 18.6 விழுக்காடு, காத்திருந்தவர்களுக்கு 22.2 விழுக்காடு.

எனவே "வலி வர வைக்கலாம்" என்று சொல்லும்போது ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எதற்காக? கருப்பை வாய் எந்த நிலையில் இருக்கிறது? எந்த முறை? வலி அளவு மீறினால் என்ன செய்வீர்கள்? 1824-ல் நியூயார்க்கில் அந்தக் கரிய பொடியைக் குடித்த பெண்களுக்கு நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. இன்று முடியும்.