கோஜிப் பூசணத்தின் வம்ச சரித்திரம்

ஜப்பானியரின் சாக்கே என்னும் அரிசி மதுவுக்கு ஆதாரமாய் இருப்பது, ஆவியில் வெந்த அரிசியின்மீது வெண்பட்டுப் போலப் படரும் ஒரு பூசணம். அது படர்ந்த தானியத்தையே கோஜி என்பார்கள். தீட்டிய அரிசி முளைப்பதில்லையாதலால், பார்லியை முளைகட்டி மதுவாக்கும் ஐரோப்பியரின் முறை அங்கே பயன்படாது. எனவே, அரிசியின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் வேலையை, அமைலேஸ் என்னும் நொதியைச் சுரந்து இப்பூசணமே செய்கிறது.

முரோமாச்சிக் காலத்தில் கியோட்டோவின் கிதானோ ஆலயத்தைச் சார்ந்த வணிகக் குழுவினர் கோஜித் தயாரிப்பைத் தம் ஏகபோக உரிமையாக வைத்திருந்தனர். மது வடிப்போர் அதை எதிர்க்க, பூசல் முற்றி, 1444-இல் ஷோகுன் என்னும் படைத்தலைவரின் பெயரால் நடந்த அரசின் படை தலையிட்டு, ஆலயமே தீக்கிரையானதோடு அந்த ஏகபோகமும் தகர்ந்தது. ஆயினும் என் மனத்தைப் பெரிதும் கவர்வது இக்கலகமன்று. வித்துக் கோஜி விற்றுவந்த குடும்பங்களின் சாமர்த்தியமே. நன்றாய் விளைந்த கோஜியிலிருந்து வித்தெடுத்து, அரிசியோடு மரச்சாம்பலைக் கலந்து வளர்த்தால், சாம்பலின் காரத்தன்மை மற்றக் கிருமிகளை ஒடுக்க, வேண்டிய பூசணம் மட்டும் தழைக்கும் என்பதை, நுண்ணுயிர் என்ற ஒன்று உண்டென்று உலகம் அறியாத காலத்திலேயே அவர்கள் அனுபவத்தால் கண்டுகொண்டிருந்தார்கள்! பிற்காலத்தில் தக்காமினே ஜோக்கிச்சி அமெரிக்காவுக்குச் சென்று, கோஜியின் அமைலேஸ் நொதியைப் பிரித்தெடுத்து 1894-இல் காப்புரிமை பெற்று, சீரண மருந்தாக்கிப் புகழடைந்தார்.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் இப்பூசணத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் 2005-இல் வெளியிடப்பட்டபோது, ஏறக்குறைய 12,000 மரபணுக்களிடையே ஆல்ஃபா அமைலேஸுக்குரியது மூன்று பிரதிகளாக இருப்பது தெரிந்தது. உயிரணு பிரியும்போது தற்செயலாக ஒரு மரபணு இரட்டிப்பதுண்டு. காட்டிலே பயனின்றி அழிந்துபோகக்கூடிய அவ்வுபரிப் பிரதி, அரிசியையே உணவாகப் பெற்று, அதை விரைவில் இனிப்பாக்கும் வித்தையே தேர்ந்தெடுத்த மனிதரின் பராமரிப்பில் நிலைத்து வம்சமாய்ப் பெருகியிருக்கவேண்டும். நிலக்கடலையில் அஃப்ளடாக்ஸின் நஞ்சை விளைக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பது இப்பூசணத்தின் நெருங்கிய காட்டு உறவு. அந்நஞ்சுக்குரிய மரபணுக்கள் ஒரைசேயில் சிதைந்தும் செயலிழந்தும் கிடக்கின்றன. எல்லாக் கோஜி வகைகளிலும் அமைலேஸ் பிரதிகள் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. மாவைவிடப் புரதத்தை உடைப்பதே முக்கியமான சோயாச்சாற்றுத் தொழிலில் வளர்க்கப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் சோயே என்னும் இனத்திலோ, ஆல்ஃபா அமைலேஸ் மரபணு ஒன்றே காணப்பட்டது.