போர்க்குடி அல்லாதார் ஏந்திய துப்பாக்கி

டெங்கிலை அடுத்திருந்த பிராங் பெசார் தோட்டத்தின் பெயருக்கு மலாய் மொழியில் பெரும்போர் என்பது பொருள். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஆங்கிலப் படை அதிகாரிகள் 1921-இல் அமைத்த தோட்டம் அது; இன்று புத்ராஜெயா நகர் நிற்கும் மண். துரைமார் தம் போரின் பெயரைத் தோட்டத்திற்குச் சூட்டினர். அங்குப் பால் வெட்டிய தமிழரையோ, போருக்கு உதவாதவர் என்று அவர்தம் அரசு எப்போதோ தள்ளிவிட்டிருந்தது.

1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குடியினர் அல்லர் என்று முடிவு கட்டினார். கிளைவ் காலந்தொட்டுப் போரிட்ட சென்னைப் படைகள் அதன்பின் சுருங்கின. பஞ்சாபியரும் கூர்க்கரும் பெருகினர். சோழன் கடல் கடந்த வரலாறு அவர் படித்த நூல்களில் இல்லை போலும்!

1943 ஜூலை 2-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். போர்க் கைதிகளைக் கொண்டு முன்னரே தோன்றியிருந்த இந்திய தேசிய ராணுவம், பொதுமக்களுக்கும் கதவு திறந்தது. தோட்டப் பாட்டாளிகள் திரளாகச் சேர்ந்தனர். சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்வார்களே என்ற அச்சத்திற்கும் பட்டினிக்கும் இதில் பங்குண்டு; அதனால் அவர்தம் ஆர்வம் பொய்யாகிவிடாது.

பெண்களின் நிலை வேறு. அவர்களைப் படைகள் பெரும்பாலும் போராளிகளாக எண்ணியதில்லை. சென்னையிற் பிறந்த மருத்துவர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஆனால் வாயிலில் ஒரு தடை இருந்தது: மணமாகாதவர்க்குத் தந்தையும், மணமானவர்க்குக் கணவரும் கையொப்பமிட்டுத் தரவேண்டும். ராபர்ட்ஸின் கொள்கையைத் தாண்டியவர்க்கும் வீட்டு வாசலைத் தாண்டுவது எளிதன்று.

கோலாலம்பூர் ஜானகிக்கு அப்போது வயது 18. நேதாஜியின் உரையைக் கேட்டு, அணிந்திருந்த நகைகளை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். படையிற் சேரவோ தந்தை இசையவில்லை. லட்சுமியே வீடு தேடி வந்து பேசிய பின்னர்தான் கையொப்பம் கிடைத்தது.

படைமொழி இந்துஸ்தானி; எழுதியது உரோமன் எழுத்தில். படையினருள் பெரும் பகுதியினர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். அவர்களிற் பலர் தாய்மொழியையும் எழுத அறியாதவர். வேற்றுமொழிக் கட்டளைக்கு ஒத்து நடக்கவும் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டவும் கற்றார்கள். எழுத்தறியாத முதியோர்க்குப் பாடஞ் சொன்னவர்களே இதன் அருமையை உணர்வர்.

அவர்கள் பர்மா சென்றும் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மேமியோ மருத்துவமனையில் காயம்பட்டோரைப் பேணினர். 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு நேதாஜியோடு பின்வாங்கிய இறுதிக் குழுவில், இரவில் நடந்தும் பகலில் மறைந்தும் வந்தவருள் ஜானகியும் ஒருவர். ரயிலில் திரும்பிய வேறொரு பிரிவு வழியில் தாக்கப்பட்டது. முனையில் நின்று போரிட வாய்ப்பே பெறாத அப்படையைச் சேர்ந்த பெண்கள் இருவர் அங்கே உயிரிழந்தனர்.