பீப்பாய்ப் பலகையும் பொதுப்பணமும்: ஜேம்ஸ் ஹேங்கரின் தொழில் வாழ்வு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் முதன்முதலாகக் கால் துண்டிக்கப்பட்டவராக அறியப்படுபவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஹேங்கர். அவரைப் பற்றி வழங்கிவரும் கதை சிறியது. பதினெட்டு வயது இளைஞர் காலை இழந்து வீடு திரும்புகிறார். மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து, தாமே செய்த செயற்கைக் காலில் படியிறங்கி வருகிறார். மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாக இக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு கால் எப்படிப் பிறந்தது என்பதை அது விளக்கும். ஒரு தொழில் எப்படி நிலைபெற்றது என்பதை விளக்காது. ஹேங்கரைத் தொழிலதிபர் ஆக்கியதில் அவருடைய உடலனுபவத்துக்குப் பங்குண்டு. ஆனால் போர் அடைத்துவிட்ட சந்தையும், அதில் பாய்ந்த பொதுப்பணமுமே அத்தொழிலின் போக்கைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹேங்கர் 1843இல் வர்ஜீனியாவின் சர்ச்வில் ஊரருகே பிறந்தார். லெக்சிங்டனில் இருந்த வாஷிங்டன் கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், 1861 ஜூன் தொடக்கத்தில் படிப்பை விட்டு, தம் சகோதரர்கள் இருந்த சர்ச்வில் குதிரைப்படையில் சேர்ந்தார். அடிமைமுறையைக் காக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் படை அது. அவருடைய போர்வாழ்வு இரண்டொரு நாளில் முடிந்தது. ஜூன் 3 அன்று விடியற்காலையில் பிலிப்பி ஊரில் ஒன்றியப் படையின் பீரங்கிகள் முழங்கின. குதிரையை அவிழ்க்க லாயத்துக்கு ஓடிய ஹேங்கரின் இடது காலை, தரையில் பட்டுத் தெறித்துவந்த ஒரு குண்டு நொறுக்கியது. எதிரிப்படையின் ஓஹையோ மருத்துவர் ஜேம்ஸ் ராபிசன் முழங்காலுக்கு மேலே காலைத் துண்டித்து அவர் உயிரைக் காத்தார். ஓஹையோவின் கேம்ப் சேஸ் சிறைமுகாமில் சிலகாலம் கைதியாக இருந்தபின், ஆகஸ்டில் அவர் வீடு திரும்பினார்.

அப்போது அவருக்குக் கிடைத்தது வெறும் கட்டைக்கால். அதற்கு முழங்கால் இல்லை. நடக்கும்போது இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாக வீசி வைக்கவேண்டும். உட்கார்ந்தால் அது மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஹேங்கர் பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கி வேறொரு கால் செய்தார். பீப்பாய் செய்பவர் இழைத்து வளைத்த ஓக் பலகை கெட்டியானது. தொடையையும் கெண்டைக்காலையும் ஒத்த வளைவு அதில் ஏற்கெனவே இருக்கிறது. முழங்காலிலும் கணுக்காலிலும் கீல்கள் பொருத்தினார். பின்னாளில் கணுக்காலில் ரப்பர் திண்டுகள் சேர்ந்தன. குதிகால் தரையில் படும் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொண்டதால், எஞ்சிய தொடைக்கு வலி குறைந்தது. அளவெடுத்த கூட்டுக்குள் தம் தொடையையே வைத்து எடைதாங்கி நடந்து பார்த்த ஒருவரின் திருத்தங்கள் இவை.

ஆனால் தம் காலையே சோதனைக்கூடமாக்கிய கைவினைஞர் அவர் ஒருவர் மட்டுமல்லர். சிறுவயதில் காலை இழந்த பெஞ்சமின் ஃபிராங்க் பால்மர் 1846இலேயே மூட்டுள்ள செயற்கைக் காலுக்குக் காப்புரிமை பெற்று, 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அதை வைத்துவிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் அவர் தொழில் செழித்தது. மடங்கும் முழங்கால் ஹேங்கருக்கு முன்பே கடைவீதிக்கு வந்துவிட்ட பொருள் என்றால், காலை இழந்த அனுபவமோ கீலோ மட்டும் அவருடைய வெற்றிக்குக் காரணமாகிவிட முடியாது.

வேறுபாடு சந்தையில் இருந்தது.

இப்போரில் ஏறத்தாழ 60,000 உறுப்புத் துண்டிப்புகள் நடந்தன என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மின்யே எனப்பட்ட துப்பாக்கிக் குண்டு எலும்பைத் துளைப்பதோடு நிற்காமல் சிதறடித்ததால், பல வேளைகளில் மருத்துவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒன்றிய அரசு 1862இல் தன் வீரர்களுக்குக் காலுக்கு 75 டாலர், கைக்கு 50 டாலர் என வழங்கத் தொடங்கியது. அந்தப் பணம் பால்மர் போன்ற வடமாநில உற்பத்தியாளர்களை வளர்த்தது. தெற்கிலோ ஒன்றியத்தின் முற்றுகையால் அந்தக் கால்கள் எளிதில் வந்து சேரவில்லை. உலோகத்துக்கும் தோலுக்கும் தட்டுப்பாடு. முன்னணிப் போட்டியாளர்கள் எட்டமுடியாத இந்தப் பரப்பில்தான் ஹேங்கர் ஸ்டான்டனிலும் ரிச்மண்டிலும் பட்டறை வைத்து, 1863இல் கூட்டமைப்பு அரசின் காப்புரிமையும் பெற்றார். 1864 ஜனவரியில் மிசிசிப்பி மதபோதகர் சார்லஸ் மார்ஷல் தலைமையில் ஊனமுற்ற படைவீரர் நிவாரணச் சங்கம் ரிச்மண்டில் தொடங்கியது. நன்கொடை திரட்டி, உற்பத்தியாளர்களிடம் கால்களை வாங்கி, வீரர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது அதன் வேலை. அது ஒப்பந்தம் செய்துகொண்ட பட்டறைகளில் ஹேங்கருடையதும் ஒன்று.

போரில் தோற்ற கூட்டமைப்பு அரசு மறைந்தபின்னும் தேவை மறையவில்லை. ஒன்றியத்தின் ஓய்வூதியம் கூட்டமைப்பு வீரர்களுக்கு இல்லையாதலால், அச்சுமை மாநிலங்களின் தலையில் விழுந்தது. 1866இல் மிசிசிப்பி தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கை உறுப்புகளுக்குச் செலவிட்டதாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. வட கரோலினாவும் வர்ஜீனியாவும் தத்தம் திட்டங்களை வகுத்தன. இந்தக் கொள்முதல் நடந்துவந்த காலத்தில்தான் ஹேங்கர் 1871இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1880களில் தலைமையிடத்தை வாஷிங்டனுக்கு மாற்றினார். பிள்ளைகளும் தொழிலுக்குள் வந்தார்கள்.

அரசுப் பணம் எல்லாருக்கும்தானே கிடைத்தது, மற்றவர்கள் ஏன் அவரைப்போல் வளரவில்லை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாங்க வந்தவர் முன்னால் தம் பொருளில் நடந்து காட்டக்கூடிய விற்பனையாளருக்குத் தனி நம்பகம் உண்டு. அதே படையில் இருந்து காலிழந்தவர் என்பதால் வீரர்களுக்கு அவர்மேல் உரிமையும் இருந்திருக்கும். ஆயினும் அந்த நம்பகம் பணமாக மாற, விலைகொடுக்க ஒருவர் வேண்டும். போரில் காலிழந்து உழவுக்குப் போகமுடியாத ஏழை விவசாயியால் அது முடியாது. அவர் சார்பில் சங்கமும் மாநிலமும் கொடுத்தன.

இவ்வாதத்துக்கு வலுவான சான்று ஹேங்கரின் முதுமைக்காலத்தில் கிடைக்கிறது. அவர் 1905இல் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். முதல் உலகப்போரில் பிரிட்டன் ஆயிரக்கணக்கான ஊனமுற்ற வீரர்களைப் பேணவேண்டி வந்தபோது, 1915இல் லண்டனையடுத்த ரோஹாம்ப்டன் மருத்துவமனையில் ஹேங்கர் நிறுவனம் பட்டறை அமைத்தது. 1919இல் அவர் இறந்தபோது லண்டனிலும் பாரிசிலும் அவர் பெயரில் கிளைகள் இருந்தன. ரோஹாம்ப்டனில் மூடிய அறையும் இல்லை, தனித்திருந்த இளைஞரும் இல்லை. போரும், காலிழந்தோரின் வரிசையும், அவர்களுக்காகச் செலவிட முன்வந்த அரசும் இருந்தன. அரசின் இடத்தில் நிவாரணச் சங்கம் இருந்தது என்பதைத் தவிர, ரிச்மண்டில் 1864இல் தொழிலைத் தாங்கிப் பிடித்தவையும் இவையே. ஆகவே ஹேங்கரின் வரலாற்றை எழுதுபவர் அந்த மாடி அறைக் கதையில் தொடங்கினாலும், நிவாரணச் சங்கத்தின் ஒப்பந்தங்களையும் மாநிலங்களின் செலவுக் கணக்குகளையும் வைத்தே அதை எழுதி முடிக்கவேண்டும்.