கோவளத்து வணிகரும் திருமணி நோயாளிகளும்

ஜான் டி மான்டி என்றதும் பலருக்கு 2015-இல் வந்த பேய்ப்படம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அது வருத்தமே. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம் கடற்கரையில் 1808-இல் அவர் கட்டிய கார்மேல் மாதா கோவில் இன்றும் நிற்கிறது. 1821-இல் இறந்தவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். சென்னையில் செல்வம் கொழித்த போர்த்துகீசிய வணிகர் அவர். ஆனால் வீட்டில் மனைவிக்குத் தீராத மனநோய். ஒரே மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டான்.

அதே மாவட்டத்தில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனும் சென்னை அரசும் சேர்ந்து 1920-களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தைத் தொடங்கின. அங்கே வந்தவர்களில் பலர் ஊராரும் உறவினரும் ஒதுக்கி வைத்தவர்கள்.

விவிலியம் சொல்லும் யோபுவின் கதையில் செல்வமும் பிள்ளைகளும் உடல்நலமும் அடுத்தடுத்துப் போகின்றன. டி மான்டியிடம் செல்வம் மட்டும் தங்கியது. அதைக் கொண்டு வாங்க முடியாதவையெல்லாம் கைவிட்டுப் போயின. திருமணிக்காரர்களிடம் எதுவுமே தங்கவில்லை. என்ன பாவம் செய்தாயோ என்று யோபுவிடம் நண்பர்கள் துருவிக் கேட்டதை இவர்களிடம் ஊரே கேட்டது. பார்வையற்ற ஒருவனைப் பற்றிச் சீடர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது, அவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்று இயேசு மறுத்ததை யோவான் எழுதிவைத்திருக்கிறார். அப்படியிருந்தும் நோயைத் தண்டனையாகப் பேசும் வழக்கம் சபைகளுக்குள்ளேயே இன்னும் ஓயவில்லை.

டி மான்டியின் மனம் என்ன பாடுபட்டது என்பதை அவர் விட்டுச்சென்றவற்றிலிருந்துதான் ஊகிக்க முடிகிறது. வாரிசு இல்லாத அந்தப் பெருஞ்சொத்தை அவர் அறப்பணிக்கென்று திருச்சபையிடம் ஒப்படைத்தார். மகன் திரும்பி வரப்போவதில்லை. எதிர்பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில், முகம் தெரியாதவர்களுக்காக ஏற்பாடு செய்தார். அதை நம்பிக்கை என்றே சொல்வேன்.

திருமணியில் எதிர்பார்க்க ஒன்று இருந்தது. அது மருந்து. தொடக்க காலத்தில் அங்கும் உலகெங்கும் கைவசம் இருந்தது நீரடிமுத்து எண்ணெய் வகைதான். கெட்டியான அந்த எண்ணெயை ஊசியால் தோலுக்குள் பல இடங்களில் ஏற்றுவார்கள். வலி கடுமை, சில இடங்களில் சீழ் கட்டும், பலனோ நிச்சயமில்லை. ஆண்டுக்கணக்கில் அதற்குக் கை நீட்டினார்கள். மிஷன் இடமாதலால் ஜெபமும் அன்றாடத்தில் கலந்திருந்தது. 1935-இல் இங்கே பொறுப்பேற்ற மருத்துவர் ராபர்ட் காக்ரேன், 1946 வாக்கில் டாப்சோன் என்ற மருந்தை இங்கே பயன்படுத்தத் தொடங்கினார். மருந்து பலித்தது. 1955-இல் நிலையம் மத்திய அரசின் கைக்குப் போய் ஆய்வு மையமானது.

இங்கேதான் இரு கதைகளும் பிரிகின்றன. டி மான்டிக்குச் சோதனை இழப்போடு வந்தது. திருமணியில் பலருக்குச் சோதனை குணமான பிறகும் தொடர்ந்தது. கிருமி போய்விட்டது, ‘நெகட்டிவ்’ என்று சீட்டு எழுதித் தந்தார்கள். மடங்கிய விரல் நிமிரவில்லை, உணர்ச்சி போன பாதத்துக்குப் புண் வராமலிருக்க எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு கட்டாயம். அந்தச் செருப்பே ஆளைக் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்குப் போனால் தனித் தட்டு, தனித் திண்ணை. கேட்ட வரம் கிடைத்த பிறகும் பழைய வாழ்வு திரும்பாதவர் தொடர்ந்து ஜெபிப்பதை, கிடைக்காதவர் ஜெபிப்பதைவிடக் கடினமானதாக நான் கருதுகிறேன்.

மாற்குவின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளியைக் குணமாக்கும் முன்பே கை நீட்டித் தொடுகிறார். திருமணியின் ஊழியர்கள் புண்ணுக்குக் கட்டுப்போட்டபோது அந்த வரிசையைத்தான் பின்பற்றினார்கள்: முதலில் தொடுதல், பிறகு குணம். குணமானவரைத் தொடுவதற்கு ஊர்தான் தயாராகவில்லை.

சட்டமும் தாமதித்தது. நோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. நோயிலும் சுகத்திலும் பிரியேன் என்று பீடத்தின்முன் உறுதிமொழி கொடுக்கும் கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டத்திலேயே தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019-இல்தான் நாடாளுமன்றம் அதை எடுத்தது.