தகர வில்லையிலிருந்து பாஸ்போர்ட் வரை

நம் குடியிருப்பில் பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பேரக்குழந்தையைப் பார்க்கக் கிளம்பும்போதுதான் விசா என்றால் என்னவென்று தெரிகிறது. பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம் என்று அடுக்க வேண்டியிருக்கிறது. "அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது, கப்பல் ஏறினால் போதும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது ஓரளவு உண்மை. ஆனால் அந்தச் சுலபத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை நம் வேலூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. இலங்கை, மலேயா தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் சேலமும் திருச்சியும் முக்கியமானவை. ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். இலங்கைக்குப் போகிறவருக்குத் தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகர வில்லை ஒன்று தரப்படும். அதைக் காட்டினால் வழியில் ரயிலும் சாப்பாடும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. வில்லையில் தோட்டத்தின் எண் இருந்ததே தவிர, ஆளின் பெயர் இல்லை.

மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. பிளேக், காலரா, அம்மை பரவாமலிருக்கச் சில நாட்கள் அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி அனுப்புவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மலேயா போகும் தொழிலாளர்களுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன.

செலவெல்லாம் கடைசியில் தொழிலாளியின் கடனாக மாறியது. இலங்கையில் அதற்குத் 'துண்டு' என்று ஒரு சீட்டு. இந்த ஆள் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வங்கியில் எந்தக் கடனிலும் இரண்டைப் பார்ப்போம்: கடன் யார் பெயரில், பத்திரம் யார் கையில். இங்கே கடன் தொழிலாளி பெயரில், பத்திரம் முதலாளி கையில். 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின், அரசு அனுமதித்த நாடுகளுக்கு மட்டுமே உடலுழைப்பாளர்களை அனுப்ப முடிந்தது. கங்காணிக்கும் உரிமம் கட்டாயமானது. மலேயாவுக்கு ஆள் அனுப்புவதை 1938-இலும், இலங்கைக்கு அனுப்புவதை 1939-இலும் இந்திய அரசு நிறுத்தியது.

காகிதம் இல்லாமல் போனதன் விளைவு 1948-க்குப் பிறகு தெரிந்தது. சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் அது இல்லை. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டம், தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் குடியுரிமை உண்டு என்றது. சுமார் 8 லட்சம் பேருக்கு விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் நின்றார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தது. இந்தியாவையே பார்த்திராத பலர் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலரை முதலில் தங்கவைத்த இடமும் அதே மண்டபம் முகாம்தான்.

நம் நாட்டிலும் பாஸ்போர்ட் என்பது வெகுகாலம் அரசு விரும்பினால் கொடுப்பது என்றே இருந்தது. 1967-இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. மறுக்க வேண்டுமானால் சட்டம் சொல்லும் காரணம் காட்டியாக வேண்டும்.

இன்று மலேசியாவுக்குச் சுற்றுலா போகிற இந்தியருக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் முன் அந்தந்த அரசின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: சுற்றுலா அனுமதி வேலைக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பு தேறாதவர் மலேசியா, வளைகுடா நாடுகள் போன்றவற்றுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேற்ற அனுமதி பெற வேண்டும். நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளிடம் எந்த ஏஜெண்டாவது "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால், இதை எடுத்துச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, தாத்தா காலத்துக் கப்பல் சீட்டு ஏதேனும் வீட்டில் இருந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு தாள் இல்லாததால்தான் லட்சக்கணக்கானவர்கள் பிறந்த ஊரிலேயே அந்நியரானார்கள்.