தானே தின்னும் அடுப்பு

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் நிலக்கரி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன சைஸ்?" என்றுதான். முட்டை, கஷ்கொட்டை, பட்டாணி, பக்வீட், அரிசி, பார்லி... ஏதோ சாலைக் கம்போளத்துப் பலசரக்குச் சிட்டை போல இருக்கிறதா? எல்லாம் கரியின் பெயர்கள். அரிசிக் கரி கால் அங்குலத்துக்கு முன்னே பின்னே இருக்கும். நான் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்டில் துருப்பிடித்துக் கிடந்த ஸ்டோக்கர் அடுப்பு தின்பது இந்த அரிசியைத்தான்.

ஸ்டோக்கர் என்றால் கரி தள்ளுகிறவன். ரயில் எஞ்சினிலும் கப்பலிலும் மண்வெட்டியால் கரி அள்ளிப் போட்ட ஆளின் பெயர், பிறகு அவன் வேலையைப் பிடுங்கிக்கொண்ட யந்திரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. தத்துவம் ரொம்ப எளிது. ஒரு தொட்டி நிறையக் கரி. ஒரு சின்ன மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டை போட்ட இரும்புத் தட்டின்மேல் தள்ளும். தட்டுக்குக் கீழிருந்து விசிறி காற்று ஊதும். எரிந்து முடிந்த சாம்பல் மறுமுனையில் வழிந்து பெட்டியில் விழும். காலையில் ஒரு தடவை நிறைத்தால் ராத்திரி எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம்.

அந்த ஊர்க் கரி ஆந்த்ரசைட். கல் மாதிரி இருக்கும், லேசில் பிடிக்காது. வில்க்ஸ்-பாரி ஊர்க்காரர் ஜெஸ்ஸி ஃபெல், 1808 பிப்ரவரி 11 அன்று, துருத்தி இல்லாமலே வெறும் இரும்புக் கம்பித் தட்டில் அதை எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்று வந்தால் போதும் என்பதுதான் அவர் கண்டது. வீடுகளுக்குள் அந்தக் கரி நுழைந்த கதை அதற்கப்புறம் வேகம் பிடித்தது. 1917இல் சுமார் 10 கோடி டன் வெட்டினார்கள். அதுதான் உச்சம். ஆனால் பெருங்கட்டிகளுக்குத்தான் மவுசு. பொடிசெல்லாம் கழிவு. சுரங்க வாசலில் கருப்பு மலைகளாகக் குவித்தார்கள். கரியிலிருந்து கல்லைப் பொறுக்க உட்கார்ந்தவர்கள் சின்னப் பையன்கள். 1911இல் பிட்ஸ்டன் பக்கம் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில் அந்த முகங்களைப் பார்க்கலாம்.

அப்படி ஒதுக்கித் தள்ளிய பொடிக் கரிக்கும் வீட்டுக்குள் இடம் கொடுத்தது ஸ்டோக்கர். 1940 கணக்கெடுப்பின்போது அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் கரியில்தான் குளிர் காய்ந்தன. பிறகு எண்ணெயும் காஸும் வந்து அதை ஒழித்தன. இந்தப் பக்கத்தில் மட்டும் சில வீடுகளில் மிச்சம் இருக்கிறது.

அடுப்பைப் பிரித்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். தீ படும் இரும்புத் தட்டு நன்றாகவே இருந்தது. அரித்துப் போயிருந்தது சாம்பல் பெட்டியும் புகைக்குழாயும்தான். யாரோ ஒரு குளிர்காலம் முடிந்து சாம்பலை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு. கோடை ஈரம் பட்டால் அது அமிலமாகி இரும்பைத் தின்னும். குழாயை மாற்றி, தட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறந்து, கதவுக்குப் புதிய கயிறு வைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டி, பிறகுதான் பற்றவைத்தேன்.

பற்றவைத்துவிட்டுப் பார்த்தால்... அட, இதன் ஏழைத் தம்பி ஆரியசாலையில் இருக்கிறதே!

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைத்தெரு வழியே கிள்ளிப்பாலம் பக்கம் நடந்தால் ஆரியசாலை. தர்மராஜா காலத்துத் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைவீதியின் தொடர்ச்சி. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து பவனி வரும்போது வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை பகவதி கோவிலில். ஆ. மாதவன் (1934–2021) கடை நடத்திக்கொண்டே கதை எழுதியது இந்தச் சாலைத்தெருவில்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே உண்டு. எங்களுடையதும் அதில் ஒன்று.

எங்கள் வீட்டில் இருந்தது மரப்பொடி அடுப்பு. மலையாளத்தில் அறக்கப்பொடி அடுப்பு. மர அறுப்பு ஆலையில் கழித்துப் போடும் தூள்தான் அதற்குத் தீனி. உருளையான தகர டின், அடியில் பக்கவாட்டில் ஒரு துவாரம். டின்னின் நடுவில் ஒரு உருட்டுக் கட்டையை நிறுத்தி, பக்கத் துவாரம் வழியாக இன்னொன்றைச் செருகி, இரண்டும் அடியில் தொடும்படி வைத்து, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடித்து நிறைக்க வேண்டும். பிறகு கட்டைகளை மெதுவாகத் திருகி உருவினால் உள்ளே வளைந்த ஒரு குகை. அடியில் ஒரு விறகுச் சுள்ளியைக் கொளுத்தி வைத்தால் குகைச் சுவர் உள்ளிருந்து வெளியே எரிந்துகொண்டு போகும். எரிய எரிய அடுத்த தூள் தானாகத் தீக்கு முன்னால் வந்து நிற்கும். மோட்டார் இல்லாத ஸ்டோக்கர்! மூன்று நாலு மணி நேரம் ஊதவும் வேண்டாம், விறகு தள்ளவும் வேண்டாம்.

சூட்சுமம் எல்லாம் அந்த இடிப்பில்தான். தளர்ந்தால் குகை சரிந்து வீடெல்லாம் புகை. தூள் ஈரமானால் அதைவிட மோசம். இடவப்பாதி மழைக்கு முன்னால் தூளை உலர்த்திச் சாக்கில் கட்டி வைப்பது வீட்டுப் பெண்களின் வருடாந்திர வேலை.

இந்த அடுப்பை வாழவைத்தது பற்றாக்குறை. இண்டேன் 1965இல் கொல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு காஸ் என்பது 1980களிலும் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற சங்கதி. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கியூ. விறகு காசு. மரத்தூள்தான் மலிவு.

புகையைப் பற்றி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. எஸ்.பி. ராஜு 1953இலேயே புகையில்லாச் சமையலறை பற்றி ஒரு புத்தகம் எழுதினார், சென்னையில் வெளிவந்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களில் 'பரிஷத் அடுப்பை' வீடு வீடாகக் கொண்டுபோனது. மத்திய அரசு 1983இல் மேம்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டம் தொடங்கி 2002இல் முடித்துக்கொண்டது. அந்தத் திட்டத்து அடுப்புகளில் நிறைய, கட்டிக் கொடுத்ததோடு சரி. குழாய் துடைக்கவும் உடைந்ததை ஒட்டவும் அப்புறம் யாரும் வரவில்லை.

போன விடுமுறையில் எங்கள் மரப்பொடி அடுப்பைப் பின்கட்டிலிருந்து வெளியே எடுத்தேன். இங்கேயும் அதே கதை. மேல்பாகம் திடமாக இருந்தது, அடித்தகடு போயே போச்சு. கடைசியாகச் சமைத்த அன்றைய சாம்பல் அப்படியே உள்ளே! மழைக்காலமெல்லாம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றிருக்கிறது. அடுப்பை அழிப்பது நெருப்பு இல்லை சாமி, எடுக்காமல் விட்ட சாம்பல்.

தகர வேலைக்காரர் ஒருவர் அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்து ரிவெட் அடித்துக் கொடுத்தார். துவாரத்தைச் சுற்றிக் களிமண்ணும் மணலும் உமியும் குழைத்து நான் பூசினேன். நாலு நாள் நிழலில் உலர்த்தி, விட்ட வெடிப்புகளை மறுபடி அடைத்து, தூள் வாங்கப் போனால் அதற்குத்தான் தட்டுப்பாடு. கோழிப் பண்ணைக்காரர்கள் மொத்தமாக அள்ளிப் போகிறார்களாம். கழிவுக்கு வேறு ஆள் வந்துவிட்டால் கழிவை நம்பிய அடுப்புக்குச் சோறு இல்லை.

எப்படியோ ஒரு சாக்கு கிடைத்தது. இடித்து நிறைக்கத் தெரிந்தது அம்மை ஒருத்திக்குத்தான். பக்கத்தில் நின்று சொல்லித் தந்தாள். நீலமாய் எரிந்தது. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, "நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா இனி நான் இதுக்கு முன்ன குனிய மாட்டேன் கேட்டியா" என்றாள்.

"ஆற்றுக்கால் பொங்காலைக்கு மட்டும் ரோட்டுல உக்காந்து புகை குடிக்கியே?"

"அது ஒரு நாளு. நேர்ச்சை. இது இருவது வருசம்லா."

2009 பொங்காலைக்கு 25 லட்சம் பெண்கள் கூடியதைக் கின்னஸ் பதிவு செய்தது. அது செய்தி. வீட்டுக்குள் வரும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அது அவ்வளவாகச் செய்தி ஆவதில்லை. 'தானே எரியும்' என்று நாம் பெருமைப்படும் அடுப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் உண்டு. அங்கே கல் பொறுக்கிய பையன், இங்கே தூள் இடித்த அம்மை. அடுப்பைப் பிரித்துப் பூட்டினால்தான் அந்த ஆள் இருந்த இடம் தெரிகிறது. பழையதைச் சரிசெய்வதில் எனக்குத் தெரிந்து பெரிய பிரயோஜனம் அதுதான். அதில் மறுபடி சமைக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை.

அடுப்பு இப்போது பின்கட்டில், தேங்காயெண்ணெய் தடவிய உடம்போடு நிற்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால் விற்பதா வைப்பதா என்று பிறகு யோசியுங்கள். மழைக்கு முன்னால் உள்ளே இருக்கிற சாம்பலை மட்டும் தட்டிவிடுங்கள்.