ஆண்டுக்கு ஒரு மரம்

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கர் என்றொரு பீர் ஆலை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் தொடக்கத்தில் அங்கிருந்து ஒரு பீர் கடைக்கு வரும். ஜனவரி பாதிக்குள் தீர்ந்துவிடும். அடுத்த நவம்பரில் அதே பெயரில் வருவது வேறொரு பீர். செய்முறை மாறியிருக்கும், மணம் மாறியிருக்கும், லேபிளில் வரைந்திருக்கும் மரமும் மாறியிருக்கும். போன வருடம் குடித்தது திரும்ப வராது. 1975 முதல் 2022 வரை ஒரு குளிர்காலத்தையும் விடாமல் 48 முறை கிறிஸ்துமஸ் ஏல் என்ற அந்தப் பீர் வந்தது.

இன்று அமெரிக்காவில் பல சிறிய ஊர்களில்கூட ஒரு உள்ளூர் ஆலை இருக்கிறது. அது குளிர்காலத்துக்கென்று கறுத்த, கனத்த பீர் ஒன்றைக் காய்ச்சுகிறது. ஊர்க்காரர்கள் கம்பளிச் சட்டையோடு வந்து ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து அதைக் குடிக்கிறார்கள். காலங்காலமாக நடந்துவருவது போலத் தோன்றும் இந்த வழக்கம் அங்கே அறுந்துபோய், மறுபடி பிறந்த ஒன்று. அது மறுபடி பிறந்த இடங்களில் முதலில் சொல்லவேண்டியது இந்த ஆங்கர் ஆலை.

குளிர்காலத்துக்கும் பீருக்கும் உறவு மிகப் பழையது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சினால் பீர் புளித்துக் கெடும். 1553இல் பவேரியாவில் அரசு ஆணையே போட்டார்கள்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம், மற்ற மாதங்களில் கூடாது. இலையுதிர்காலத்தில் புது பார்லி வரும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் புது ஹாப் பூ வரும், காற்றும் குளிரும். ஆண்டின் நல்ல சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வரும்போது தாராளமாகப் போட்டுக் காய்ச்சிய பீர் கனமாகத்தானே இருக்கும்? இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் நாட்களில் ஏல் வகைப் பீரைச் சூடாக்கி, ஜாதிக்காய் போன்ற வாசனைப் பொருட்களும் சர்க்கரையும் சேர்த்து, ஒரே கிண்ணத்திலிருந்து எல்லோரும் பகிர்ந்து குடிப்பார்கள். அதற்கு வாசல் என்று பெயர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளிர்பதன இயந்திரம் வந்தது. ஆண்டு முழுவதும் காய்ச்ச முடிந்தது. பெரிய ஆலைகளுக்கு அது வசதி. ஆனால் பீர் தன் பருவத்தை இழந்தது. அமெரிக்காவில் அதன்மேல் மதுவிலக்கும் விழுந்தது. 1920 முதல் 1933 வரை பல ஆலைகள் மூடிக்கிடந்தன. பிறகு திறந்தவற்றில் சிறியவை ஒவ்வொன்றாகச் சாய, பெரியவை நாடு முழுவதற்கும் லாகர் வகையில் ஒரே மாதிரியான வெளிர்மஞ்சள் பீரைக் கொடுத்தன. 1970களின் கடைசியில் அவ்வளவு பெரிய நாட்டில் நூறு ஆலைகள்கூட மிஞ்சவில்லை.

ஆங்கரின் பழைய கதையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1871இல் காட்லீப் பிரெக்கில் என்ற ஜெர்மானியர் ஒரு மதுக்கடையை வாங்கிச் சிறு ஆலையாக மாற்றினார். 1896இல் எர்ன்ஸ்ட் பாரூத்தும் அவருடைய மருமகன் ஓட்டோ ஷின்கெலும் அதை வாங்கி ஆங்கர், அதாவது நங்கூரம், என்று பெயர் வைத்தார்கள். 1906இல் முதலில் பாரூத் இறந்தார். சில வாரங்களில் ஊரையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கமும் தீயும் ஆலையை எரித்தன. மறு ஆண்டு புது இடத்தில் திறக்க இருந்த நேரத்தில் ஷின்கெல் தெரு டிராமில் அடிபட்டு இறந்துபோனார். மதுவிலக்கு முடிந்து 1933இல் ஆலை மீண்டும் திறந்தது. 1934இல் மறுபடி தீ. 1959இல் மூடியது, 1960இல் மறுபடி திறந்தது. அந்த ஊருக்கே உரிய ஒரு பீர், ஸ்டீம் பீர், இந்த ஓர் ஆலையின் கையில்தான் உயிர் வைத்திருந்தது. பனிக்கட்டி கிடைக்காத பழைய கலிஃபோர்னியாவில், லாகர் ஈஸ்டைக் குளிரூட்டாமல், ஆழமில்லாத அகன்ற திறந்த தொட்டிகளில் ஊற்றி, கடற்காற்றை நம்பி நொதிக்கவிட்ட பீர் அது. இல்லாமையிலிருந்து பிறந்த தொழில்நுட்பம்.

1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்ற 27 வயது இளைஞர் நார்த் பீச் பகுதியில் ஓல்ட் ஸ்பகெட்டி ஃபேக்டரி என்ற உணவகத்தில் ஆங்கர் ஸ்டீம் பீரை விரும்பிக் குடித்துக்கொண்டிருந்தார். அதைக் காய்ச்சும் ஆலை மூடப்போகிறது, அதற்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடு என்றார் உணவக உரிமையாளர் ஃபிரெட் கூ. மேடாக் போய்ப் பார்த்தார். ஆலையின் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கிவிட்டார். பழைய கார் ஒன்றின் விலைகூட ஆகவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பேர்போன மேடாக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தந்தை அயோவாவில் குடும்பப் பண்ணையில் நீலப் பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கியவர். நுண்ணுயிர்களோடு பொறுமையாகப் பழகவேண்டிய ஒரு தொழிலை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் மேடாக் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏனென்றால் அவர் வாங்கிய ஆலையின் பீர் பல நேரம் கெட்டுப்போயிருந்தது. பீப்பாய் திரும்பி வரும். மதுக்கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மேடாக் நுண்ணோக்கி வாங்கினார், நுண்ணுயிர் ஆய்வாளர் லூயி பாஸ்டர் எழுதியதைப் படித்தார், குழாய்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்தார். முளைகட்டிய பார்லியைத் தவிர மலிவான சர்க்கரை எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1969இல் முழு உரிமையும் அவரிடம் வந்தது. 1971இல்தான் புட்டியில் அடைக்கத் தொடங்கினார்கள். லாபம் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க 1970களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. இந்த நெடிய பத்தாண்டில் ஆலையைத் தாங்கியது அந்த ஊர்தான். சான்ஃபிரான்சிஸ்கோவின் சில மதுக்கடைகள் அந்தப் பீரை விடாமல் வாங்கின. சில நூறு பேர் அதை விடாமல் கேட்டார்கள். கிறிஸ்துமஸ் ஏலின் பிறப்பைச் சொல்லும்போது இவர்களை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை.

மேடாக் இங்கிலாந்துக்குப் போய்ப் பழைய ஏல் ஆலைகளைப் பார்த்துவந்தார். பாஸ்டன் புரட்சியாளர் பால் ரிவியர் பிரிட்டிஷ் படை வருகிறது என்று குதிரையில் விரைந்து எச்சரிக்கை கொடுத்த இரவின் 200ஆம் ஆண்டு நிறைவு 1975 ஏப்ரல் 18. அன்று ஆங்கரில் லிபர்ட்டி ஏல் காய்ச்சினார்கள். அமெரிக்காவிலேயே உருவான காஸ்கேட் என்ற ஹாப் வகையை அதில் தாராளமாகப் போட்டார்கள். நொதித்து முடிந்த பிறகும் தொட்டியில் ஹாப் பூவைப் போட்டு ஊறவைத்தார்கள். சாத்துக்குடித் தோலை நினைவூட்டும் அந்த மணம் அன்றைய அமெரிக்கப் பீர் எதிலும் இல்லை. அதே ஆண்டுக் குளிர்காலத்தில், லிபர்ட்டி ஏலின் வழியிலேயே, முதல் கிறிஸ்துமஸ் ஏல் வந்தது. மதுவிலக்குக்குப் பிறகு அமெரிக்காவில் வந்த முதல் பண்டிகைப் பீர் என்று ஆலை அதைச் சொல்லிவந்தது.

புட்டியின் மேல் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் புத்தாண்டு வாழ்த்தும், அந்த ஆண்டின் எண்ணும், 'எங்கள் ஸ்பெஷல் ஏல்' என்ற சொற்களும் இருந்தன. நடுவில் ஒரு மரம். ஒரு காலத்தில் நம் வீடுகளுக்குத் தபாலில் வந்த பொங்கல் வாழ்த்து அட்டையைப் போலவே அந்த லேபிள் இருந்தது: உங்களை நினைத்தோம், நன்றாக இருங்கள் என்பதற்கு மேல் அதில் விற்பனைப் பேச்சு ஒன்றும் இல்லை.

அந்த மரங்களை வரைந்தவர் ஜிம் ஸ்டிட். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வோர் ஆண்டும் வேறு மரம், கையால் வரைந்தது. ஆண்டின் மிக நீண்ட இரவு கடந்து பூமி புதிதாகப் பிறப்பதற்கு மரம் அடையாளம் என்று ஆலை விளக்கம் சொல்லும். வெறும் பைன் மரத்தோடு நிற்காமல் உலகின் பல நிலங்களின் மரங்களையும் அவர் வரைந்தார். சேகரிப்பவர்களுக்கு லேபிளே ஒரு நாட்குறிப்பாகிவிட்டது. சிலர் புட்டியைத் திறக்காமல் ஆண்டுக்கணக்கில் நிலவறையில் வைத்திருந்து, ஐந்தாறு குளிர்காலங்களை ஒரே இரவில் வரிசையாக ஊற்றிச் சுவைத்துப் பார்ப்பார்கள்.

1980களின் பிற்பாதியில் ஏலின் இயல்பு மாறியது. வெளிர்நிறம் போய்க் கருஞ்சிவப்பும் பழுப்பும் வந்தன. இங்கிலாந்தின் பழைய வாசல் பானத்தின் நினைவாக வாசனைப் பொருட்கள் சேர்ந்தன. என்னென்ன சேர்ந்தன என்று ஆலை வாயைத் திறந்ததில்லை. ஜாதிக்காய் என்பார் ஒருவர், ஏலக்காய் என்பார் இன்னொருவர், ஊசியிலையின் பிசின் என்று அடித்துச் சொல்வார் மூன்றாமவர். ஊர் கூடி மூக்கை நம்பி வாதிடுவதற்கு நவம்பர்தோறும் ஒரு பொருள் கிடைத்தது.

இதைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். 1976இல் சிறு ஆலைகளுக்கு வரிச் சலுகை வந்தது: முதல் 60,000 பீப்பாய்களுக்குப் பீப்பாய்க்கு 9 டாலருக்குப் பதில் 7 டாலர். 1978இல் வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டு அடுப்பில் கற்றவர்கள் ஆலை தொடங்கினார்கள். கென் கிராஸ்மன் வடக்குக் கலிஃபோர்னியாவின் சிகோவில் சியரா நெவாடாவை 1980இல் தொடங்கி, 1981 குளிர்காலத்தில் செலிப்ரேஷன் ஏலைக் கொடுத்தார். அதில் மசாலா கிடையாது. அந்த ஆண்டு அறுவடையில் முதலில் காய்ந்து வந்த ஹாப் பூ மட்டுமே அதன் விசேஷம். ஹாப் அறுவடை ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது, ஏல் குளிர்காலத்துக்கு வந்துவிடுகிறது. இயந்திரம் பறித்துக்கொண்ட பருவம் இப்படித்தான் பீருக்குத் திரும்பக் கிடைத்தது.

குளிர்கால பீரால் ஓர் ஊரே நிறையும் என்பதைக் காட்டியது சான்டா ரோசா. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் ரஷ்யன் ரிவர் ஆலையை நடத்தும் வின்னி, நடாலி சிலுர்சோ தம்பதி, 2005இல் பிளைனி தி யங்கர் என்ற கடும் ஹாப் பீரை முதன்முறை காய்ச்சினார்கள். அது அப்போது வெளிவந்தது பிப்ரவரியில். பிப்ரவரி என்பது திராட்சைத் தோட்டங்கள் மொட்டையாக நிற்கிற, சுற்றுலாக்காரர் யாரும் எட்டிப்பார்க்காத மாதம். சில ஆண்டுகளில் அந்தப் பீருக்காக மழையில் மணிக்கணக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். 2010இல் முதல் நாளே தீர்ந்துபோனது. விடுதி, உணவகம், பக்கத்துக் கடை எல்லாம் சேர்த்து அந்தப் பீரால் வரும் வருமானத்தை மாவட்டப் பொருளாதார வாரியம் கணக்கெடுக்கத் தொடங்கியது. அது பல மில்லியன் டாலர்.

ஆங்கருக்கு வருவோம். மேடாக் 2010இல் ஆலையை விற்று ஓய்வுபெற்றார். 2017இல் ஜப்பானின் சாப்போரோ நிறுவனம் அதை வாங்கியது. 2021இல் லேபிள்களைப் புதுப்பித்தபோது பழைய அன்பர்கள் வருந்தினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மதுக்கடைகளும் உணவகங்களும் மூடியதால் அவற்றை நம்பியிருந்த விற்பனை அடிவாங்கியது. 2023 ஜூனில் ஆலை இரண்டு செய்திகளைச் சொன்னது: இனி கலிஃபோர்னியாவுக்கு வெளியே விற்பனை இல்லை, கிறிஸ்துமஸ் ஏலும் இல்லை, செலவு தாங்கவில்லை. அடுத்த மாதம், ஜூலை 12 அன்று, ஆலையையே மூடுவதாக அறிவித்தார்கள்.

அதன்பிறகு ஆலையின் குடிக்கூடத்தில் நீண்ட வரிசை. கடைசிக் குவளைக்காக நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தார்கள். தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஆலையை வாங்க முயன்றார்கள். அந்த வரிசையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அதில் பாதிப் பேராவது அதற்கு முந்தைய ஜனவரியில் ஓர் ஈரமான செவ்வாய்க்கிழமை மாலை வந்திருந்தால்? ஒரு நிறுவனத்தின் கணக்கு அதனால் மட்டும் நேராகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஊரில் ஒன்று இருக்கிறது என்ற பெருமையை வைத்து அதை நடத்த முடியாது.

சிறு ஆலையின் ஆண்டில் மிகக் கடினமானவை ஜனவரியும் பிப்ரவரியும். பண்டிகைச் செலவு முடிந்து கை இறுகியிருக்கும். ஜனவரி முழுக்கக் குடிப்பதில்லை என்று உறுதி எடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அது நல்ல உறுதி, அதை யாரும் குறைசொல்லக் கூடாது. வெளி முற்றத்து மேசைகள் நனைந்து கிடக்கும். வாடகையும் தொட்டிக்கு வாங்கிய கடனும் மட்டும் பருவம் பார்ப்பதில்லை. கடையில் விற்கும் ஒரு புட்டியில் மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் பங்கு போய்விடுகிறது. 1933க்குப் பிறகு வந்த சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் அப்படித்தான் விற்பனையை அமைத்தன. ஆலைக்குள்ளேயே ஊற்றிக்கொடுக்கும் ஒரு குவளையில் அந்தப் பங்குகள் ஆலையிடமே தங்குகின்றன. குடிப்பவருக்கும் அங்கேதான் லாபம்: ஹாப்பின் மணம் வாரக்கணக்கில் மங்கிவிடும், தொட்டியின் பக்கத்தில் குடிப்பதற்கு ஈடான புதுமை எந்தக் கடை அலமாரியிலும் இல்லை. ஒரே ஒரு குவளை, ஒரு தட்டு சூடான உணவு, நண்பர் ஒருவருக்காக ஒரு புட்டி. உள்ளூர் ஆலைக்கு அந்த மாதங்களில் இது பெரிய துணை.

சொபானி தயிர் நிறுவனத்தைத் தொடங்கிய ஹம்டி உலுகாயா 2024 மே 31 அன்று ஆங்கரை வாங்கினார். போட்ரெரோ ஹில் குன்றின் மாரிபோசா தெருவில் உள்ள கட்டடம், செப்புக் கொதிகலன்கள், செய்முறைகள் எல்லாம் அதில் அடங்கும். அதை மறுபடி ஓடவைப்பதே நோக்கம் என்று அறிவித்தார். அயோவாவில் பாலாடைக்கட்டி செய்த குடும்பத்துப் பிள்ளை 1965இல் மீட்டதை, துருக்கியில் ஆடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்த குடும்பத்தில் பிறந்தவர் கையில் எடுத்திருக்கிறார். அவர் அந்தக் கொதிகலனில் தீ மூட்டும்போது முதலில் ஸ்டீம் பீரைத்தான் காய்ச்சுவார், அதுதான் முறை. ஆனால் எனக்கு வேண்டியது 49ஆவது மரம்.